60 ரூபாய் சூடை 150 ஆனால் ஏற்றம் எத்தனை சதவீதம்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் உங்கள் அம்மா 2013 ஜனவரியில் எழுதிவைத்த வீட்டுக்கணக்கு நோட்டு கையில் கிடைத்திருக்கிறது. அதில் சூடை மீன் கிலோ 60 ரூபாய். நேற்று, அதாவது இந்த 2025 மே மாதத்தில், நீங்கள் வாங்கியது 150 ரூபாய். விலை 250 சதவீதம் ஏறிவிட்டது என்கிறீர்கள் நீங்கள். 60 சதவீதம்தான் என்கிறார் உங்கள் அண்ணன். மச்சானோ 150 என்கிறார். யார் சொல்வது சரி, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று எப்படிப் பிரிப்பது, டிவியில் சொல்கிற பணவீக்கம் ஏன் நம் வீட்டுக் கணக்கோடு ஒட்டவே இல்லை என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அந்த நோட்டை வைத்துக்கொண்டு ‘இவ்வளவு ஏறிவிட்டது’ என்று அடித்துச் சொல்லலாமா? இந்த மாவட்டத்தில் சந்தை விலை எழுதும் வேலையைப் பல வருஷம் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சில வரிகளுக்கு அடித்துச் சொல்லலாம், சிலவற்றுக்குச் சொல்லவே கூடாது. எது எது என்று பார்ப்போம்.

மச்சான் சொன்ன 150 சரியான விடை. ஏறிய தொகை 90 ரூபாய். அதைப் பழைய விலையான 60-ஆல் வகுத்தால் 1.5. நூறால் பெருக்கினால் 150. நீங்கள் 150-ஐ 60-ஆல் வகுத்திருக்கிறீர்கள், கிடைத்தது 2.5. இன்றைய விலை பழைய விலைக்கு இரண்டரை மடங்கு என்பது உண்மைதான், அதை 250 சதவீதம் என்று எழுதுவதும் உண்மைதான். ஆனால் அது விலை இப்போது நிற்கிற இடம், ஏறிய அளவு இல்லை. அந்த இரண்டரையில் ஒரு மடங்கு 2013-லேயே இருந்தது. ஆகவே மடங்கு தெரிந்தால் அதில் ஒன்றைக் கழித்துவிட்டு நூறால் பெருக்குங்கள், ஏற்றம் வந்துவிடும். இரண்டு மடங்கு என்றால் 100 சதவீத ஏற்றம், மூன்று மடங்கு என்றால் 200. அண்ணன் 90-ஐப் புது விலையான 150-ஆல் வகுத்திருக்கிறார். அவருடைய 60-க்கும் ஒரு பொருள் இருக்கிறது, ஆனால் அது வேறு கேள்விக்கு விடை: நாளைக்கே சூடை 150-லிருந்து 60-க்கு இறங்கினால் இறக்கம் எவ்வளவு என்று கேட்டால், 60 சதவீதம். ஏறும்போது 150 சதவீதம், அதே 90 ரூபாய் இறங்கும்போது 60 சதவீதம். எந்த விலையிலிருந்து கிளம்பினோமோ அதுதான் வகுக்கிற எண்ணாகக் கீழே நிற்க வேண்டும். விலை இறக்கம் நூறைத் தாண்டவே முடியாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. ‘200 சதவீதம் விலை குறைந்தது’ என்று எங்காவது படித்தால் அங்கே யாரோ தவறான விலையால் வகுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பலரும் சறுக்குவது, ஏற்றத்தையும் இறக்கத்தையும் அப்படியே கூட்டிக் கழிப்பதில். ஆவின் ஆரஞ்சு உறைப் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் லிட்டர் 45-லிருந்து 51 ரூபாய் ஆனது. 2021 மே மாதம் 3 ரூபாய் குறைத்து 48 ஆக்கினார்கள். 2022 நவம்பரில் கடையில் காசு கொடுத்து வாங்குவோருக்கு 60 ஆனது. சதவீதத்தில் இது 13.33 ஏற்றம், 5.88 இறக்கம், 25 ஏற்றம். கூட்டிக் கழித்தால் 32.45 வருகிறது. ஆனால் 45 ரூபாய் 60 ஆனால் ஏற்றம் 33.33. சதவீதங்களைக் கூட்டக்கூடாது, மடங்குகளைப் பெருக்க வேண்டும்: 1.1333 பெருக்கல் 0.9412 பெருக்கல் 1.25, விடை 1.3333. பாலில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை என்று விட்டுவிடலாம். அதே கணக்கை 2018 ஜனவரி பஸ் கட்டண உயர்வில் போட்டுப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 56 காசு 80 ஆகி, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே 75-க்கு இறங்கியது. ஏற்றம் 42.86, இறக்கம் 6.25. கழித்தால் 36.61, உண்மையான ஏற்றம் 33.93. ஏற்ற இறக்கம் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகும். நூறு ரூபாய்ப் பொருள் 50 சதவீதம் ஏறி 50 சதவீதம் இறங்கினால் நூறுக்கு வராது, 75-இல் போய் நிற்கும்.

சரி, ஆண்டுக்கணக்கு. இதற்கு மீனை விட்டுவிட்டு அரிசியை எடுத்துக்கொள்கிறேன், காரணம் பின்னால் வரும். 25 கிலோ புழுங்கல் அரிசி மூட்டை 2013 ஜனவரியில் 800 ரூபாய், 2025 ஜனவரியில் அதே கடையில் அதே ரகம் 1,400 ரூபாய் என்று எழுதியிருந்தீர்கள். 75 சதவீத ஏற்றம், இடையில் 12 வருஷம். 75-ஐ 12-ஆல் வகுத்து ‘ஆண்டுக்கு 6.25’ என்று சொல்லிவிட்டீர்கள். அதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். 800-இல் தொடங்கி வருஷத்துக்கு 6.25 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் பன்னிரண்டாம் வருஷம் ஏறத்தாழ 1,656 ரூபாயில் போய் நிற்கும். 1,400 வர வேண்டிய இடத்தில் 1,656 வருகிறது. ஏனென்றால் இரண்டாம் வருஷத்து ஏற்றம் 800 மேல் வருவதில்லை, முதல் வருஷம் ஏறிய விலை மேல் வருகிறது. வட்டிக்கு வட்டி கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடங்கு 1.75. அதற்குப் பன்னிரண்டாம் மூலம் எடுக்க வேண்டும், அதாவது எந்த எண்ணைப் பன்னிரண்டு தடவை அடுக்கிப் பெருக்கினால் 1.75 வருமோ அந்த எண். போனில் இருக்கும் கால்குலேட்டரைக் குறுக்கே திருப்பினால் அடுக்குக்குறி பட்டன் வரும்; (1400/800)^(1/12) என்று போட்டால் 1.0477 கிடைக்கும். ஆக ஆண்டுக்கு 4.77 சதவீதம். 6.25-க்கும் 4.77-க்கும் உள்ள தூரம் சின்னதில்லை.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 72-ஐ ஆண்டு ஏற்றத்தால் வகுத்தால் விலை இரட்டிப்பாக எத்தனை வருஷம் ஆகும் என்று வரும். திருப்பிப் போட்டால், 12 வருஷத்தில் இரட்டித்த பொருள் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 சதவீதம் ஏறியிருக்கிறது. நுணுக்கமாகப் போட்டால் 5.95. டீக்கடையில் நின்று பேசுவதற்கு இது தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஆண்டுக்கு 4.77 என்றால் ஒவ்வொரு வருஷமும் 4.77 ஏறியது என்று பொருள் இல்லை. மூன்று வருஷம் அசையாமல் இருந்துவிட்டு ஒரே வருஷத்தில் எகிறியிருக்கலாம். இரண்டு முனை விலைகளை வைத்துக்கொண்டு நடுவில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது மீனுக்கு வருகிறேன். உங்கள் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். மச்சான் போட்ட வகுத்தல் சரி, ஆனால் அவர் ஒப்பிட்ட இரண்டு விலைகளும் ஒப்பிடத் தக்கவை இல்லை. ஒன்று ஜனவரி விலை, மற்றது மே மாத விலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப்படகு போகும், ஆனால் கரைக்கு வருகிற மீன் சுருங்கிவிடும், ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை எங்கே போனாலும் விலை ஏறித்தான் இருக்கும். ஆகவே 60 ரூபாய் 150 ஆனதில் ஒரு பங்கு பன்னிரண்டு வருஷத்து ஏற்றம், இன்னொரு பங்கு வெறும் தடைக்கால ஏற்றம். இந்த இரண்டையும் ஒரே சதவீதத்துக்குள் அடைத்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை.

‘அப்படியானால் 2013 மே மாத விலையோடு ஒப்பிட்டால் சரியாகிவிடுமா?’ என்று கேட்பீர்கள். மே மாதத்துக்கு ஓரளவு சரி. ஜூன் முதல் இரண்டு வாரத்துக்கு அதுவும் சரிப்படாது. தடைக்காலம் முன்பு 45 நாள்தான், மே 29-ஓடு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் 61 நாள் ஆனது 2017-இல். 2013 ஜூன் 5-ஆம் தேதி படகுகள் கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தன, இன்று அதே தேதியில் கரையில் நிற்கின்றன. தேதி ஒன்றாக இருந்தாலும் காலம் ஒன்றில்லை. போதாததற்குப் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு மற்ற நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். ஆகவே கிழமை மாறினாலே விலை மாறும். மீன் விலையை எழுதும்போது தேதியோடு கிழமையையும் எழுதுவது எங்களுக்குப் பழக்கமாக இருந்தது இதனால்தான்.

உங்கள் பதிவின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: இந்த ஜனவரியில் சூடை கிலோ 120-க்கு வாங்கியதாக ஞாபகம் என்று. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. ஜனவரிக்கு ஜனவரி என்று ஒப்பிட அதுதான் பொருத்தமான விலை. ஆனால் அது ஞாபகம், நோட்டில் எழுதியது இல்லை. ஆக உங்களிடம் இருப்பவை மூன்று விலைகள்: எழுதிவைத்த 60, உறுதியானது. நேற்றுக் கொடுத்த 150, உறுதியானது ஆனால் பருவம் தவறியது. நினைவிலிருந்து சொன்ன 120, பருவம் சரி ஆனால் உறுதியில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நான் ஒரு எண்ணைச் சொல்லமாட்டேன், இரண்டு எண்களுக்கு நடுவே என்று சொல்வேன். நினைவு பத்து ரூபாய் அப்படி இப்படி இருந்தால் 110-லிருந்து 130 வரை. ஏற்றம் 83-லிருந்து 117 சதவீதத்துக்குள். ‘ஜனவரி மீன் விலை பன்னிரண்டு வருஷத்தில் ஏறத்தாழ இரட்டித்திருக்கிறது’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘சரியாக 100 சதவீதம்’ என்று சொல்லக்கூடாது.

மீனில் இன்னொரு சிக்கல், கூறு. நோட்டில் சில வரிகளில் கிலோ என்றும் சில வரிகளில் ‘ஒரு கூறு 20’ என்றும் இருப்பதாகச் சொன்னீர்கள். தெருவுக்கு வருகிற மீன்காரம்மா தராசு கொண்டுவருவதில்லை. கூடையை இறக்கி, சாக்கை விரித்து, கைக்குத் தோன்றியபடி மீனைக் கூறு கட்டி வைப்பார். பெரிய மீன் நாலு மேலே தெரியும்படி இருக்கும், சிறுசு அடியில் கிடக்கும். வரத்து குறைந்த நாளில் அவர் கூறு விலையை ஏற்றமாட்டார், கூறைச் சிறிதாக்குவார். வாங்குகிறவரும் ‘நேற்றும் நூறு, இன்றும் நூறு’ என்று வாங்கிப் போவார். நூறு ரூபாய்க் கூறு 800 கிராமிலிருந்து 600 கிராம் ஆனால், கிலோ விலை 125-லிருந்து 166.67-க்குப் போய்விட்டது. ஏற்றம் 33.33 சதவீதம். மீன் குறைந்தது 25 சதவீதம், விலை ஏறியது 33.33, இரண்டும் ஒன்றில்லை என்பதையும் கவனியுங்கள். நாங்கள் அந்த மாதிரி இடத்தில் கூறுகளை வாங்கி எடைபோட்டுச் சராசரி எடுத்துத்தான் விலை எழுதுவோம். 2013-இன் கூறை இன்று யாராலும் எடைபோட முடியாது. ஆகவே கூறு என்று எழுதிய வரிகளைச் சதவீதக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டும் இதே கதைதான், ஆனால் அங்கே பாக்கெட் மேல் எடை அச்சடித்திருக்கும், பழைய உறை கிடைத்தால் தப்பித்தீர்கள்.

ஒரே பொருள்தானா என்று பார்ப்பதும் இதைச் சேர்ந்ததே. நோட்டில் வெறும் ‘வத்தல்’ என்று இருந்தால் எது? நம் ஊர் முண்டு மிளகாயா, நீள சம்பாவா? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு வத்தலின் விலையும் வெளியூர்ச் சம்பா வத்தலின் விலையும் ஒன்றாக நடப்பதில்லை. பாலில் இதைவிட நுட்பமாக நடந்தது. 2023-இல் பச்சை உறைப் பாலுக்குப் பதிலாக என்று ஊதா உறையில் டிலைட் பாலை அதே 44 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். விலை ஏற்றம் பூஜ்யம். ஆனால் பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், ஊதாவில் 3.5. ஒரு புள்ளிதான் குறைந்தது என்று சொல்லலாம், இருந்த கொழுப்பில் 22 சதவீதம் போய்விட்டது என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. டீக்கடைக்காரரைக் கேட்டால் இரண்டாவதுதான் அவருக்கு முக்கியம். சமையல் எரிவாயுவிலும் ஒரு பொறி இருக்கிறது. 2015 ஜனவரி வரை பெரும்பாலான இடங்களில் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் மானியம் போக உள்ள விலையைத்தான் கொடுத்தோம். அதன்பின் முழு விலையைக் கொடுத்துவிட்டு மானியத்தை வங்கிக் கணக்கில் வாங்கினோம். அம்மா வாசலில் கொடுத்த தொகையை மட்டும் எழுதியிருந்தால் 2014-க்கும் 2015-க்கும் நடுவே எரிவாயு விலை தடாலென்று ஏறியது போல நோட்டு காட்டும். வங்கிக்கு வந்ததைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

ரேஷன் அரிசிக்கு எதிரே ‘இலவசம்’ என்று எழுதியிருப்பதற்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்ய முடியாது, அதை வெளியே வையுங்கள். கிலோ 3.50 ஆக இருந்த ரேஷன் அரிசி 2006-இல் 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். கடைசிப் படி 100 சதவீத இறக்கம். பூஜ்யத்திலிருந்து திரும்ப ஏறினால் எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு விடையே கிடையாது, பூஜ்யத்தால் வகுக்க முடியாது. ரேஷன் சர்க்கரைக்குப் போடலாம்: 2017 நவம்பரில் கிலோ 13.50-லிருந்து 25 ஆனது, 85 சதவீதம். ஆனால் அந்தியோதயா அட்டைக்காரர்களுக்கு 13.50-ஆகவே நின்றது, அதனால் உங்கள் வீட்டு அட்டை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வீட்டுச் செலவு மொத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்க்க எல்லாப் பொருளின் சதவீதத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்திருக்கிறீர்கள். அரிசி 75, மீன் 100 என்றே வைத்துக்கொள்வோம், குடத் தண்ணீர் 3-லிருந்து 8 ஆனதால் 166.67, தேங்காய் 10-லிருந்து 25 ஆனதால் 150. சராசரி 123 வருகிறது. ஆனால் வீட்டில் தேங்காய்க்கும் அரிசிக்கும் ஒரே அளவா செலவாகிறது? அம்மாவின் நோட்டுப்படி அந்த மாதம் அரிசி ஒரு மூட்டை 800, மீன் 15 கிலோ 900, தண்ணீர் 60 குடம் 180, தேங்காய் 12-க்கு 120, ஆக மொத்தம் 2,000. அதே அளவை 2025 ஜனவரி விலையில் வாங்கினால் 1,400, 1,800, 480, 300, மொத்தம் 3,980. ஏற்றம் 99 சதவீதம். 123 எங்கே, 99 எங்கே! தண்ணீரும் தேங்காயும் சதவீதத்தில் எகிறினாலும் செலவில் அவற்றின் பங்கு சிறியது. அளவை 2013-இல் நிறுத்திவைத்து விலையை மட்டும் மாற்றுவதுதான் விலைக் குறியீட்டின் அடிப்படையே. இப்போது வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்து 20 குடம்தான் வாங்குகிறீர்கள் என்றால் செலவு குறைந்திருக்கும், விலை குறையவில்லை. விலை ஏற்றம் வேறு கணக்கு, செலவு ஏற்றம் வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். குடம் மாறியிருந்தால் அதையும் பாருங்கள், பழைய குடம் வீட்டில் கிடந்தால் லிட்டர் அளந்துவிடலாம்.

டிவியில் சொல்கிற பணவீக்கமும் இதே முறைதான், அளவில்தான் பெரிது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் மாதாமாதம் வெளியிடுகிற நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ஐ 100 ஆக வைத்த வரிசையில் உணவுக்கும் பானத்துக்கும் நூற்றில் 45.86 பங்கு. கிராமத்துக்குத் தனியாகப் பார்த்தால் 54.18, நகரத்துக்கு 36.29. நாடு முழுவதற்குமான நூறில் இறைச்சியும் மீனும் சேர்ந்தே வெறும் 3.61. உங்கள் அம்மா அந்த மாதம் மொத்தம் 7,500 ரூபாய் செலவழித்ததாகச் சொன்னீர்கள். மீன் மட்டும் 900, அதாவது 12 சதவீதம். நாட்டுச் சராசரிக் குடும்பத்தைவிட மீனுக்கு மூன்று மடங்குக்கும் மேல் பங்கு உங்கள் வீட்டில். கடற்கரை வீட்டில் அப்படித்தான் இருக்கும். ஆகவே மீன் விலை ஏறினால் அரசு எண் லேசாக அசையும், உங்கள் வீடு நன்றாக ஆடும். யாரும் பொய் சொல்லவில்லை. அப்புறம், பணவீக்கம் 6-லிருந்து 4-க்கு இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று பொருள் இல்லை, ஏறுகிற வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ரிசர்வ் வங்கிக்கு 2016-லிருந்து வைத்திருக்கும் இலக்கே 4 சதவீதம், இரண்டு புள்ளி அப்படி இப்படி இருக்கலாம். விலை அசையாமல் நிற்க வேண்டும் என்று யாரும் இலக்கு வைக்கவில்லை.

குறியீட்டெண்ணை நீங்களே எடுத்துக் கணக்குப் போடப் போவதாகச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. அடிப்படை ஆண்டை அவ்வப்போது மாற்றுவார்கள். அகவிலைப்படிக்குப் பயன்படும் தொழிலாளர் குறியீட்டெண் 2020 ஆகஸ்டில் 338 ஆக இருந்தது, செப்டம்பரில் 118.1. பார்த்தால் ஒரே மாதத்தில் விலைவாசி 65 சதவீதம் சரிந்தது போல இருக்கும். உண்மையில் அந்த மாதம் அடிப்படை ஆண்டு 2001-லிருந்து 2016-க்கு மாறியது. புது எண்ணைப் பழைய வரிசைக்கு மாற்றுவதற்கான 2.88 என்ற இணைப்புக் காரணியால் பெருக்கினால் 340.1, அதாவது முந்தைய மாதத்தைவிட 0.6 சதவீதம் அதிகம். எந்தக் குறியீட்டெண்ணை எடுத்தாலும் பக்கத்தில் எந்த ஆண்டு 100 என்று எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பதில் பாதியில் நிற்கும். விலை இரட்டித்தது என்பதால் மட்டும் வாழ்க்கை இரண்டு மடங்கு கடினமாகிவிடவில்லை. கூலி எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 2012-13-இல் 132 ரூபாய், 2024-25-இல் 319. ஏற்றம் 142 சதவீதம். அன்று ஒரு நாள் கூலிக்கு 2.2 கிலோ சூடை, இன்று 120 ரூபாய் விலையில் 2.66 கிலோ. அரிசி மூட்டைக்கு அன்று ஆறு நாள் கூலி, இன்று நாலரை நாளுக்கும் கொஞ்சம் கீழே. இதைப் பார்த்துவிட்டு ‘அப்படியானால் எல்லாம் மலிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அறிவித்த கூலி. வேலையை அளந்து போட்டால் கையில் வருவது அதைவிடக் குறையலாம், 2024-25-இல் வருஷத்துக்கு நூறு நாள் என்பதே உச்சவரம்பாக இருந்தது. படகில் போகிறவருக்கோ கூலி என்பதே இல்லை, டீசல், ஐஸ் செலவெல்லாம் போக மிஞ்சுவதில் பங்கு. டீசல் ஏறினால் மீன் விலை ஏறிய அன்றும் அவர் பங்கு குறையலாம். உங்கள் குடும்பத்தின் வருமானம் எந்த வகையோ அதை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும், அதை நீங்கள்தான் அறிவீர்கள்.

இனி நோட்டை எடுத்து ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் மாதம், அளவு, வாங்கிய இடம், எழுதிய விலையா நினைவா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய விலையையும் அதே மாதிரியான இடத்தில் கேளுங்கள். அம்மா கரையில் ஏலம் முடிந்த கையோடு வாங்கியிருந்தால் நீங்கள் ராமநாதபுரம் மார்க்கெட் விலையைப் பக்கத்தில் வைக்கக்கூடாது. அரிசி, தேங்காய் இரண்டுக்கும் இப்போதே சதவீதம் போடலாம், தண்ணீருக்குக் குடத்தை அளந்தபின் போடுங்கள். மீனுக்கு அடுத்த ஜனவரி வரை பொறுங்கள்: அந்த மாதத்தில் வெவ்வேறு கிழமைகளில் நாலைந்து தடவை கிலோ விலை கேட்டு எழுதி, சராசரி எடுத்து 60-ஓடு ஒப்பிடுங்கள், ஆண்டுக்கணக்கு போடும்போது 12-க்குப் பதில் 13 என்று போட மறக்காதீர்கள். டீத்தூள் வரியில் பாக்கெட் எடை எழுதவில்லை என்றீர்கள். அந்த வருஷத்துக் கடை பில் ஏதாவது நோட்டுக்குள் செருகியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்; இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.